பங்காளி மீன்கள்

மீன் சாகவில்லையே என்று அழுகிறவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுடைய அக்கா சொல்வாள்.

அக்கா வெளியூர்ப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பக்கத்துப் பெருநகரத்துக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "என்னடி மீன்காரி, இன்னிக்காவது செத்துச்சா?" என்பாள்.

"இல்லக்கா. ஜோரா நீந்துது. தீனி டப்பாவைத் தொட்டாலே ஓடி வருது."

"அடப் பாவமே. எனக்கு வர்ற பயணிங்க மாதிரி இருக்கு. இறங்குன்னா இறங்க மாட்டேங்குது."

தங்கை சிரிக்க முயல்வாள். முடியாது. இரண்டு வருட உழைப்பு அந்தத் தொட்டிகளில் சுகமாக நீந்திக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்த்தது ஓர் ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில். கதவைத் திறந்தால் வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலைவிடச் சின்னதாக, நீல வரி போட்ட மீன்கள். வரிமீன் என்பார்கள். அழகுக்காக வளர்ப்பதில்லை. இவற்றின் முட்டை கண்ணாடிபோல் இருக்கும். இட்ட மறுநாளே உள்ளே இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் நேருக்கு நேர் பார்க்கலாம். ரத்த அணு ஒவ்வொன்றும் உருண்டு போவது தெரியும்.

சில குழந்தைகள் இதயத்தின் வால்வு சரியாக மூடாமல் பிறக்கின்றன. முன்னே போன ரத்தம் பின்னே வந்துவிடும். அப்படிப்பட்ட சில குடும்பங்களில் ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதுபட்டிருப்பது தெரிந்திருந்தது. அதே மரபணுவை மீனில் உடைத்துப் பார்த்தால் வால்வு எப்படி உருவாகிறது, எங்கே தவறுகிறது என்று புரியும். அதற்காகத்தான் அவள் அதை உடைத்தாள். உடைந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பச் சோதித்தாள். உடைந்துதான் இருந்தது. அச்சாணியை உருவிய பிறகும் வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வால்வு அழகாகத் திறந்தது, அழகாக மூடியது. குஞ்சுகள் வளர்ந்தன, முட்டையிட்டன, அந்த முட்டைகளிலும் இதயம் குறையில்லாமல் துடித்தது.

இயக்குநர் நல்ல மனுஷி. ஆனால் பேச்சில் சர்க்கரை போட மாட்டார். "இந்த வருஷத்தோட உங்க ஒப்பந்தம் முடியுது. என்ன இருக்கோ அத எடுத்துக்கிட்டு மாநாட்டுக்குப் போங்க. ஒண்ணும் நடக்கலைன்னா, ஒண்ணும் நடக்கலைன்னு போஸ்டர் போடுங்க. யாராவது வந்து ஏதாவது சொல்லுவாங்க."

அப்படித்தான் அவள் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதை ஆளுயரத் தாளில் வண்ணத்தில் அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு மாநாட்டுக்குப் போனாள்.

மண்டபத்தில் பலகைகளை மரபணுக்களின் பெயர் வரிசைப்படி நிறுத்தியிருந்தார்கள். தன் எண்ணைத் தேடி, போஸ்டரை விரித்து, நான்கு மூலையிலும் ஊசி குத்தி நிமிர்ந்தபோது பக்கத்துப் பலகையில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஊசி குத்திக்கொண்டிருந்தான். அவ்வளவு உயரத்தில் ஊசி குத்த நாற்காலி தேவைப்படாத முதுகு அவளுக்குத் தெரிந்தவரையில் ஒன்றுதான். நெட்டையன்.

கல்லூரியில் வைத்த பெயர். இருவரும் ஒரே பேராசிரியரிடம் படித்தவர்கள். இவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன். அக்கா "தம்பி, நிலை இடிக்கும், குனி" என்று தினமும் சொல்லியும் தினமும் இடித்துக்கொண்டவன். இந்த இதய மரபணுவைப் பேராசிரியர் முதலில் அவனிடம்தான் கொடுத்தார். மீன் முட்டைகளிலிருந்து அதன் பிரதியை அரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்தான். பிறகு அவனுக்குப் பக்கத்துப் பெருநகரத்தில் வேலை கிடைத்தது, போய்விட்டான். பேராசிரியர் இவளைக் கூப்பிட்டு, "அதை நீ தொடர்ந்து செய்யேன்" என்றார். அவனிடம் சொன்னாரா என்று இவள் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. மூன்றாம் ஆள் வழியாகக் கேள்விப்பட்டு அவன் தொலைபேசியில் கத்தினான்: "என் சோத்துல கை வெச்சுட்டியே! திருடி!"

இவளும் சும்மா விடவில்லை. "ஜீன் என்ன, உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பேராசிரியர் இறந்தபோது இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று அழுதுவிட்டு, ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனார்கள்.

இப்போது இரண்டு பலகைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. திரும்பித்தான் ஆக வேண்டும்.

"வணக்கம்," என்றாள். "நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க?"

அந்த 'ங்க' இருவர் தொண்டையிலும் மீன்முள்ளாகக் குத்தியது. கூட்டம் வந்தது, பார்த்தது, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனது. அவன் போஸ்டர் முன்னாலும் யாரும் நிற்கவில்லை என்பதைக் கடைக்கண்ணால் கவனித்தாள். கொஞ்சம் மகிழ்ச்சிகூட வந்தது. ஆள் இல்லாத நேரத்தில் மெதுவாக அவன் போஸ்டரை வாசித்தாள். அவனும் அதே மரபணுவை உடைத்திருந்தான். அவனுடைய மீன்களும் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன.

"உங்களுக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"ஒண்ணும் ஆகல." அவன் இவள் போஸ்டரைப் பார்த்தபடியே சொன்னான். "நீங்க சரியா உடைக்கலையோன்னு பாத்தேன். சரியாத்தான் உடைச்சிருக்கீங்க."

"நீங்களும்தான்."

அவன் குனிந்து, உடைத்த இடத்தைக் காட்ட அவள் அச்சிட்டிருந்த எழுத்து வரிசையில் விரலை வைத்தான். மரபணு என்பது நாலே எழுத்தில் எழுதிய நீண்ட வரிதான். விரல் நகர்ந்தது, நின்றது.

"இங்க எனக்கு ஜி வருது. உங்களுக்கு ஏ-ன்னு இருக்கு. அச்சுப் பிழையா?"

"இல்லையே."

"இங்கயும் மாறுதே. இதோ, இங்கயும்."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். அவனுடைய வரியை மேலே, தன்னுடையதைக் கீழே வைத்தாள். ஐந்தில் நான்கு எழுத்து பொருந்தியது, ஒன்று பொருந்தவில்லை. அண்ணன் தம்பி முகம்போல. அதே மூக்கு, அதே நெற்றி. ஆனால் ஆள் வேறு. அவன் கையில் இருந்தது முட்டையிலிருந்து அவனே பிரித்தெடுத்த பிரதி. அவன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டதால், மீனின் முழு மரபணு வரைபடம் வெளிவந்தபோது இவள் அதிலிருந்து எடுத்துக்கொண்டாள். வரைபடத்தில் அந்தப் பெயருக்கு ஒன்றுதான் இருந்தது. இரண்டும் ஒன்றே என்று இருவரும் நினைத்துவிட்டார்கள். வரைபடத்தில் அங்கங்கே ஓட்டைகள் உண்டு. அவனுடையது சரியாக ஓர் ஓட்டையில் விழுந்து கிடந்திருக்கிறது.

"ஐயோ," என்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இது ஒரே ஜீன் இல்லடா!"

ஆண்டுக்கணக்கில் தொண்டையில் நின்ற முள் அந்த 'டா'வோடு விழுந்துவிட்டது. இருவருமே அதைக் கவனித்தார்கள். இருவருமே கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

மீனைப் பற்றிப் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கதை உண்டு. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்றைய மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையான ஒரு மீன் இனத்தில் ஒரு பிசகு நடந்தது. மரபணுக்கள் அத்தனையும், ஒன்று விடாமல், இரண்டிரண்டாகிவிட்டன. பிசகுதான், ஆனால் அந்த மீன் சாகவில்லை. இரட்டைச் சொத்தோடு அதன் வம்சம் பெருகியது. காலம் போகப் போக, ஒரே வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று பெரும்பாலான இரண்டாவது பிரதிகள் சிதைந்து மறைந்தன. சில தங்கின. தங்கியவற்றில் சில புது வேலை கற்றுக்கொண்டன. சில, அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்வதுபோல், பழைய வேலையையே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த இதய மரபணுவின் இரட்டை எப்போதோ தொலைந்துபோனது என்றுதான் எல்லோரும் எழுதிவந்தார்கள். அது தொலையவில்லை. இவன் பையில் இருந்தது.

நெட்டையன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தும் அவள் இடுப்பு உயரம் இருந்தான்.

"ஒரே சொத்துன்னு அடிச்சுக்கிட்டோம்," என்றான். "போய்ப் பாத்தா சொத்து ரெண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; நிறுத்த முடியவில்லை. ஒன்றை உடைத்தால் மற்றது தாங்குகிறது. அவள் உடைத்ததை அவனுடையது தாங்கியது. அவன் உடைத்ததை இவளுடையது தாங்கியது. இரண்டும் உடைந்த மீன் வேண்டும். அதற்கு இரண்டு பேருடைய மீனும் வேண்டும்.

ஊர் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுக்கோங்க. முட்டையைக் கொடுத்துட்டா, உங்களைச் சேர்த்துக்கிட்டுத்தான் செய்யணும்னு அவருக்குக் கட்டாயம் ஒண்ணும் இல்ல."

"தெரியும் மேடம். ஆனா ஒருத்தர் முதல்ல கொடுக்கணுமே."

முட்டைகளைக் கூரியரில் அனுப்பினால் வெயிலில் எங்காவது வெந்துபோகும். அக்கா இருக்கும்போது கூரியர் எதற்கு? முட்டைக் குடுவையை அக்கா ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் துண்டில் சுற்றி வைத்துக் கொண்டுபோனாள். மேடு பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் அவள் வண்டியைத் தொட்டில்போல் ஓட்டியதைப் பார்த்து, நடத்துநர், "உள்ள யாராச்சும் பிள்ளைத்தாச்சி இருக்காங்களா?" என்று கேட்டாராம்.

பேருந்து நிலையத்தில் நெட்டையன் காத்திருந்தான். அக்கா இறங்கினாள். குடுவையைக் கொடுக்கவில்லை.

"என் தங்கச்சியத் திருடின்னு சொன்ன வாய் இதுதானே?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டுல எத்தன வேளை தின்ன வாய்?"

"நிறைய வேளைக்கா."

"அந்த வாயால அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. என்கிட்ட வேணாம், எனக்கு வண்டி எடுக்கணும்." குடுவையை நீட்டினாள். அவன் தன் குடுவையை அவளிடம் கொடுத்தான். அவன் நிலையத்தின் தாழ்ந்த பக்கவாசல் வழியாகப் போகும்போது பின்னாலிருந்து, "தம்பி, நிலை, தலை!" என்று கத்தினாள். அதற்குள் இடித்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே தொலைபேசி வந்தது. "தப்பா பேசிட்டேன்," என்றான். "நான் உங்க அப்பாவை இழுத்திருக்கக் கூடாது," என்றாள் அவள். "எங்கப்பா வீட்டுல சொத்தே இல்ல, அத விடு," என்றான் அவன். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் மீன் தீனியைப் பற்றிப் பேசினார்கள்.

இரண்டு இடத்திலும் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வளர்ந்ததும் இவளுடையதையும் அவனுடையதையும் ஜோடி சேர்த்து, பிறந்த பிள்ளைகளை மறுபடி வளர்த்தார்கள். மாதங்கள் ஓடின. கடைசி ஜோடி சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது ஆய்வு நிலையத்தின் பெரிய தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்தார்கள். குழாயில் ஊற்றிய கிருமிக்கொல்லி மருந்து அளவுக்கு மேல் தங்கிவிட்டது. அதைத் தடுக்க வேண்டிய வடிகட்டியும் அதே வாரம்தான் கைவிட்டது. காலையில் அவள் விளக்கைப் போட்டபோது எந்தத் தொட்டியிலும் மீன் கண்ணாடிக்கு ஓடி வரவில்லை. தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் வலையைக் கையில் பிடித்தபடி நடுவில் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் வலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எல்லாம் போச்சும்மா," என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. மரபணுக்களின் பேர் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு தொட்டியின் குணமும் அவருக்குத் தெரியும்.

அவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். அத்தனை நாள் சாகவில்லையே என்று அழுதவளுக்கு இப்போது அழுகை வரவில்லை.

மாலை அக்கா வீட்டுக்கு வந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தங்கையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுத்திவிட்டாள். "அவனுக்குச் சொன்னியா?"

"என்னத்த சொல்றது? எல்லாம் இப்ப அவன்கிட்டதான் இருக்கு. என்னோடதும் சேத்து."

"அதைத்தான் சொல்லு."

எண்ணை அழுத்தினாள். நடந்ததைச் சொன்னாள்.

"எல்லாமா?"

"எல்லாம். நீ செஞ்சு முடிச்சுடு. எனக்காக நிறுத்த வேணாம்."

"லூசு மாதிரி பேசாத. நாளைக்குக் காலையில ஜோடி சேக்கலாம்னு தொட்டியில போட்டுத் தடுப்பு வெச்சிருக்கேன். ஆண் இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம். இப்ப எடுக்கல. நீ வா. நீ வந்தப்புறம்தான் எடுப்பேன்."

"எத்தன நாள் அப்படியே வெச்சிருப்ப?"

"உங்க அக்கா வண்டி காலையில எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னு எனக்குத் தெரியாதா? நீ அனுப்பினதோட பிள்ளைங்க இதெல்லாம், உனக்குப் பேரப்பிள்ளைங்க. பாட்டி இல்லாம கல்யாணமா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

முதல் வண்டியிலேயே போனாள். அன்று ராத்திரி அவன் வீட்டில் தங்கினாள். அவன் மனைவி படுக்கை விரித்துக்கொண்டே, "இத்தன வருஷமா உங்களப் பத்தித் திட்டு மட்டும்தான் கேட்டிருக்கேன். நேர்ல பாத்தா அப்படி ஒண்ணும் இல்லையே," என்று உண்மையான ஆச்சரியத்தோடு சொன்னாள். விடிந்ததும் ஆய்வகத்துக்குப் போனார்கள். வரிமீன்கள் வெளிச்சம் வந்ததும்தான் முட்டையிடும். விளக்கு எரிந்தது. ஒரு தடுப்பை அவள் உருவினாள், அடுத்ததை அவன். மீன்கள் ஒன்றையொன்று துரத்தின. கொஞ்ச நேரத்தில் தொட்டியின் அடியில் கடுகைப்போல, ஆனால் கண்ணாடிக் கடுகுபோல, முட்டைகள் உதிர்ந்து கிடந்தன.

இதயமும் வால்வும் உருவாகச் சில நாள் வேண்டும். அக்கா தினமும் வண்டியை நிறுத்திய இடைவெளியில் ஆய்வகத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் ஒரு மத்தியானம் நெட்டையன் நுண்ணோக்கியைத் தங்கையின் பக்கம் திருப்பினான்.

"நீ முதல்ல பாரு."

பார்த்தாள். ஒரு குஞ்சு: ரத்தம் ஒரே திசையில் ஓடியது. அடுத்தது: அப்படியே. அடுத்தது, அதற்கடுத்தது. கணக்குப்படி பதினாறில் ஒன்றில்தான் இரண்டும் உடைந்திருக்கும். அவள் தட்டை நகர்த்திக்கொண்டே போனாள். பிறகு நிறுத்தினாள்.

அந்தக் குஞ்சின் இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முன்னே தள்ளிய ரத்தம் பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது, மறுபடி வந்தது. வாசற்படியில் நின்று, போவதா வருவதா என்று தெரியாமல் தவிக்கிற ஆளைப்போல. வால்வு மூடவில்லை.

அவள் எழுந்து அவனுக்கு இடம் விட்டாள். அவன் பார்த்தான். நிமிரவில்லை. குனிந்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம்," என்றான்.

"ஆமா, பாவம்." அவளுக்கும் அதுதான் முதலில் தோன்றியது. அந்தச் சின்ன இதயம் தன்னால் ஆனமட்டும் முயன்றுகொண்டிருந்தது. அதே நேரம், தட்டில் மற்றக் குஞ்சுகள் எல்லாம் நலமாக இருந்தன. இரண்டில் எது உடைந்திருந்தாலும் மற்றது தாங்கியிருந்தது. என்றோ எந்தக் கடலிலோ ஒரு மீனின் முட்டையில் நடந்த பிசகு இன்று இந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமலே அவள் மனம் நன்றி சொன்னது. பக்கத்தில் நின்றவனுக்கும் சேர்த்துத்தான். தடுப்பை எடுக்காமல் வைத்திருந்தானே.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இரண்டு மரபணுக்களும் எப்படிப் பாகம் பிரித்திருக்கின்றன என்பது தெரிந்தது: ஒன்று வால்வு முளைக்கும்போது முன்னால் நிற்கிறது, மற்றது அது தடித்து உறுதிப்படும்போது. ஆனால் ஒன்று இல்லாவிட்டால் மற்றது முழுச் சுமையையும் தூக்கிக்கொள்கிறது. மனிதரிடம் அந்த இரட்டை இல்லை. அதனால்தான் அந்தக் குழந்தைகளுக்கு ஒன்று போனால் தாங்க ஆள் இல்லை. கட்டுரை வந்த மாதத்திலேயே குழந்தைகளின் இதய மருத்துவர் ஒருவர் அந்த மீன்கள் கிடைக்குமா என்று கேட்டார். "எங்கயாவது ஒரு இடத்துல இன்னொரு செட் இருக்கறது எப்பவும் நல்லதுதான்," என்று சொல்லி உடனே அனுப்பினாள்.

யார் பெயர் முதலில் என்பதில் மறுபடி ஒரு சண்டை வந்தது. இந்த முறை அவன் அவள் பெயர் முதலில் என்றான், அவள் அவன் பெயர் முதலில் என்றாள். இயக்குநர்தான் பொறுமை இழந்து, இருவரும் சமம் என்று ஓர் அடிக்குறிப்பு போட வைத்தார். அவளுடைய ஒப்பந்தத்தையும் அவரே முன்னின்று நீட்டித்தார். புது வடிகட்டி வந்தது. மீன்கள் துண்டில் சுற்றிய குடுவையில், அக்காவின் இருக்கைக்குப் பின்னால், ஊர் திரும்பின.

கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தி ஒன்று உண்டு. தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவருக்கும், இறந்துபோன பேராசிரியருக்கும், 'மீன்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்த பேருந்து ஓட்டுநருக்கும்' நன்றி சொல்லியிருந்தார்கள். தங்கை அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுக்கு எதுக்குடி இவ்வளவு சின்ன எழுத்து?" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அந்தத் தாள் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டியிருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்த பயணி ஒருவர் கண்ணைச் சுருக்கிப் படிக்க முயன்றார்.

"என்னம்மா அது? புது விதி ஏதாச்சும் போட்டிருக்காங்களா?"

"இல்லங்க," என்றாள் அக்கா, கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தபடி. "மீனுக்கெல்லாம் ஜீன் ரெண்டு ரெண்டாம். ரொம்ப காலத்துக்கு முன்னாடி தவறுதலா ஆயிடுச்சாம்."

"அப்படியா? நமக்கு?"

"நமக்கு நிறைய இடத்துல ஒண்ணுதானாம்." வண்டியைக் கிளப்பினாள். "அதனால கெட்டியாப் பிடிச்சு உக்காருங்க. முன்னாடி வளைவு இருக்கு."